பாஸ்டரைசரில் பிடி100 கூடுதலாகக் காட்டுகிறது: ஆஃப்செட் போட்டால் போதுமா?

கேள்வி:
பால் பாஸ்டரைசர் (பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம்). ஹோல்டிங் ட்யூப் (சூடான பால் குறித்த நேரம் தங்கிச் செல்லும் குழாய்) முடிவில் 3 வயர் பிடி100 (வெப்பம் ஏற ரெசிஸ்டன்ஸ் ஏறும் சென்சார்), கிளாஸ் ஏ துல்லியம். பேனல் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய 2 கோர் 1.5 சதுர மி.மீ. கேபிளையே பயன்படுத்தி, கன்ட்ரோலர் டெர்மினலில் மூன்றாவது வயருக்குப் பதில் ஜம்பர் (இணைப்புக் கம்பி) போட்டிருக்கிறோம். டிஸ்ப்ளே 72.0 காட்டும்போது காலிபரேட் செய்த தெர்மாமீட்டரில் 69.3 டிகிரிதான். மதியம் வித்தியாசம் கொஞ்சம் கூடுகிறது. மைனஸ் 2.7 ஆஃப்செட் (டிஸ்ப்ளேயில் நிலையான திருத்தம்) கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் சார். சென்சார் சரியாகத்தான் இருக்கும், ஜம்பர்தான் காரணம்: கேபிளின் ரெசிஸ்டன்ஸைக் கழிக்க மூன்றாவது வயர் இல்லாததால், கன்ட்ரோலர் அதையும் சென்சாருடையதாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த கேபிள் கிலோமீட்டருக்குச் சுமார் 13.3 ஓம். போக வர 80 மீட்டருக்கு 1.06 ஓம். பிடி100 டிகிரிக்கு ஏறத்தாழ 0.38 ஓம் ஏறும், ஆக 2.8 டிகிரி கூடுதல். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது. செம்பின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு 0.39% ஏறுவதால், கேபிள் 20 டிகிரி சூடானாலே இன்னொரு 0.2 டிகிரி பிழை சேரும். ஆஃப்செட் இதைத் துரத்திக்கொண்டே இருக்கும். 3 கோர் கேபிள் இழுத்து மூன்று வயரையும் கன்ட்ரோலர் வரை கொண்டுபோவதுதான் சரியான வழி.

அவசரம் என்னவென்றால், 72 டிகிரியில் 15 விநாடி நிற்க வேண்டிய பால் 69-லேயே தாண்டிப் போகிறது. சரிசெய்யும் வரை டைவர்ஷன் செட் பாயின்ட்டை (எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் பாலைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற அளவு) 75-க்கு மேல் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
புது கேபிள் இழுக்க டிரேயில் இடம் இல்லை. வேறு வழி?

பதில் 2:
சென்சார் ஹெட்டுக்குள் 4-20 மில்லி ஆம்ப் டிரான்ஸ்மிட்டர் (சென்சார் அளவைக் கரன்ட் சிக்னலாக மாற்றி அனுப்பும் கருவி) வையுங்கள். சென்சாரின் மூன்று வயரும் (இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை) அதிலேயே முடிந்துவிடும்; அங்கிருந்து பேனலுக்கு அதே 2 கோர் போதும். கரன்ட் சிக்னலுக்குக் கேபிள் நீளம் பொருட்டல்ல. 24 வோல்ட் டிசி சப்ளை வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் 0-100 என்று ரேஞ்ச் வைத்தால் கன்ட்ரோலரிலும் அதே 0-100 ஸ்கேல் கொடுங்கள். இதை மறந்துவிடுபவர்கள் அதிகம். ஜம்பரையும் எடுத்துவிடுங்கள்.

பதில் 3:
3 வயரும் முழு மருந்து இல்லை. வயர்களின் ரெசிஸ்டன்ஸ் சமமாக இருந்தால்தான் பிழை கழியும். ஒரு டெர்மினல் மட்டும் துருப்பிடித்து 0.4 ஓம் ஏறினால் ஒரு டிகிரி போச்சு.

மாற்றியதும் சென்சாரைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் பொடித்த ஐஸ் நிறைத்து முக்கிப் பாருங்கள். வயர் பிழை என்றால் அங்கேயும் கூடுதலாகக் காட்டும். ஐஸில் சரியாக (0 டிகிரி) இருந்து லைனில் குறைவாகக் காட்டினால் தெர்மோவெல்லில் (சென்சாரைச் செருகும் பாதுகாப்புக் குழல்) ஆழம் போதவில்லை, அல்லது உள்ளே காற்று இடைவெளி. ஆழம் சென்சார் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது வேண்டும்; 2 இன்ச் பைப்பில் குறுக்கே அது கிடைக்காது, எல்போவில் (பைப் வளைவில்) ஓட்டத்தை எதிர்நோக்கிப் பொருத்துங்கள்.