ஸ்காட்லாந்துத் தாத்தாவோட ஊர், எழுத்துப் பிழையில தொலைஞ்ச கதை: உங்க அனுபவம்?

பரங்கிமலைக்காரி
எங்க பாட்டியோட தாத்தா மெட்ராஸ் ஆர்ட்டிலரி, பீரங்கிப் படை. ஈஸ்ட் இந்தியா கம்பெனிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த பதிவேடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல இருக்குல்ல, அதுல பிறந்த ஊர் "கினக்கர், ஃபைஃப்". ஃபைஃப் தெரியும், எடின்பரோவுக்கு எதிர்க்கரை. கினக்கர்? எந்த மேப்லயும் இல்லை. கிங்ஹார்னா, கிங்லாசியா, கென்னவேயான்னு மூணு வருஷம் சுத்தினேன்.

அந்தப் பக்கத்து ரிட்டயர்ட் தபால்காரர் ஒருத்தர் போன்ல கிடைச்சார். ஸ்பெல்லிங் சொல்றதுக்கு முன்னாடி வாய்தவறி "கினக்கர்"னு சொல்லிட்டேன். "ஈலி பக்கத்துல, ஏரிக்கரை ஊர்தானே?"ங்கிறார், ஏதோ அடுத்த தெருவைக் கேட்ட மாதிரி. எழுத்துல அது கில்கான்குஹார். வாயில கினக்கர். குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதியிருக்கான், அவ்வளவுதான். தப்பு மேப்லதான்!

கில்கான்குஹார்ங்கிற பேரை அந்த மூணு வருஷத்துல இருபது தடவையாவது பார்த்துத் தாண்டிப் போயிருப்பேன். அதுதான் இன்னும் ஆறலை.

ஹட்டன் பேரன்
அக்கா, உங்களுக்கு ஊர் ஒண்ணாவது இருந்துச்சு. எங்க அம்மாச்சியோட அப்பா தோட்டத்துத் தொரை. அம்மாச்சி பிறப்புப் பதிவுல தகப்பன் பேர் வர்ற இடத்துல வெறும் கோடு. மிச்சம் இருந்தது கல்லறைக் கல்லு ஒண்ணுதான். அதுலயும் "கின்கார்டன்"னு தப்பா வெட்டியிருக்கு. இலங்கையில லூல்கந்துரைத் தோட்டத்துல 1867ல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் கின்கார்டின்ஷயர்தானே (ஷயர்னா நம்ம மாவட்டம் மாதிரி), அதனால வீட்டுல எல்லாரும் "நம்ம தொரை டெய்லர் ஊர்க்காரர்"னு முடிவு கட்டிட்டாங்க. தேடினா கின்கார்டின் ஃபோர்த் ஆத்தங்கரையில ஒண்ணு, ராஸ்ஷயர்ல ஒண்ணு, பெர்த்ஷயர்ல ஒண்ணு...

போன மழைக்குப் பிறகு போய்க் கல்லுல இருந்த பாசியைச் சுரண்டினேன். "கின்கார்டன்" பக்கத்துல ஒரு வட்டம். முதல்ல கல்லுல விழுந்த குழின்னு நினைச்சேன். விரலை வச்சுத் தடவினா உளி வெட்டு. இங்கிலீஷ் 'ஓ'! அதோட கல்லு உடைஞ்சிருக்கு. டீ ஆத்தங்கரையில கின்கார்டின் ஓ'நீல்னு ஒரு ஊர் இருக்கு, அபர்டீன்ஷயர். வேற ஷயர். வீட்டுல இன்னும் சொல்லலை.

பழைய ஏடு
முதலில், கல்லறைக் கல்லைச் சுரண்டாதீர்கள் தம்பி. எழுத்தே போய்விடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். சாய்வெயிலில் படமெடுத்தாலே பாதி தெரியும்.

அடுத்து, "தப்பு மேப்ல" என்பது சரியல்ல. பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது. அச்சுக்காரர்களிடம் அந்த அச்சு இல்லாததால் 'இசட்' போட்டார்கள். அதனால்தான் மென்சீஸ் என்று எழுதி மிங்கிஸ் என்கிறார்கள், டால்சியல் என்று எழுதி டீயெல் என்கிறார்கள். எழுத்து பழைய காலத்தில் நின்றுவிட்டது, நாக்கு நடந்துகொண்டே இருந்தது.

நான் தேடியது என் மனைவி வழி மிங்கிஸ் ஒருவரை. மென்சீஸில் கிடைத்தார். என் கதை அவ்வளவுதான். ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1ல்தான் தொடக்கம். அந்த ஓராண்டுச் சான்றிதழில் மட்டும் பெற்றோர் பிறந்த ஊர் வரை கேட்டார்கள், வேலை தாங்காமல் மறு ஆண்டே குறைத்துவிட்டார்கள். உங்கள் ஆளின் தம்பி தங்கை யாராவது 1855ல் பிறந்திருந்தால் அதை முதலில் வாங்குங்கள். அதற்கு முன் எல்லாம் தேவாலயப் பங்குப் பதிவேடுகள். அவற்றில் பெரும்பாலும் திருமுழுக்குத் தேதிதான், பிறந்த தேதி பல இடத்தில் இருக்காது. அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்த குடும்பம் என்றால் அதிலும் பெயர் இல்லாமல் போகலாம். 1843ல் சபை உடைந்ததை மறக்கக் கூடாது. மேலும் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டி பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். நம் ஊர் மாதிரிதான். பெயர் வரிசையை வைத்தே குடும்பத்தைப் பிடித்துவிடலாம்.

பரங்கிமலைக்காரி
சார், கில்கான்குஹார்ல 'இசட்' எங்க சார் இருக்கு? திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன்னு எழுதினவங்க ஊரைத் தேடுறோம், காதால தேடுறதுதான் முறை. நான் சொல்ல வந்தது அதுதான்.

ஹட்டன் பேரன்
மெதுவாதான் சுரண்டினேன் ஐயா. நகத்தால.

கிளாஸ்கோ மருமகள்
வீட்டுக்காரர் வழி முப்பாட்டன் கப்பல்காரர், லிவர்பூல்ல 1851 கணக்கெடுப்புல இருக்கார். கணினிப் பட்டியல்ல பிறந்த இடம் "லாஹ், ராஸ்". லாஹ்னா ஏரி. ராஸ்ஷயர்ல ஏரிக்கா பஞ்சம்? ஒவ்வொண்ணா பார்த்துட்டு விட்டுட்டோம். அப்புறம் ஒருநாள் அசல் பக்கத்தோட படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். முதல்ல இருந்தது 'எல்' இல்லை, மேல் வரியில இருந்து தொங்கின வால். அதை எடுத்துட்டா மிச்சம் "ஆஹ்".

ராஸ்ஷயர்ல பிளாக் ஐல்ங்கிற தீபகற்பத்துல இருக்கிற மீன்பிடி ஊர். எழுதுறது அவாக்னு, சொல்றது ஆஹ்னு. வீட்டுக்காரரே அந்தப் பேரைக் கேட்டதில்லையாம்.

இதுல கூத்து என்னன்னா, கல்யாணமான புதுசுல மாமியார்கிட்ட "உங்க வீட்டுக்காரர் வழி ஆளுங்க எந்த ஊர்?"னு கேட்டிருக்கேன். சோபாவுல உட்கார்ந்துகிட்டே "ஆஹ்"னாங்க. மூட்டு வலின்னு நினைச்சு தைலம் எடுக்கப் போயிட்டேன்.