புதுப்பிப்பு: பனிக்காலத்தில் பின்சக்கர இயக்க போர்ஷே 911, யூலியர் கணவாய்

சூரிச்சிலிருந்து சென்ட் மோரிட்சுக்கு பனிக்காலத்தில் 997 காரெராவில் (911-இன் ஒரு பழைய தலைமுறை) போகலாமா, அகலமான பின்சக்கரத்தில் பனியில் வழுக்காமலிருக்கும் சங்கிலி மாட்ட இடம் இருக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, நல்லபடியாகப் போய் வந்தாச்சு.

கைகொடுத்தது, 19 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு கையேட்டில் சங்கிலிக்கு அனுமதித்த சிறிய அளவில் மலை-பனித்துகள் முத்திரை (பனிச்சாலைக்கு ஏற்றது என்பதற்கான குறி) உள்ள குளிர்கால டயர் போடச் சொன்ன யோசனைதான். சங்கிலியை வீட்டிலேயே மாட்டிப் பார்த்துக்கொண்டேன், ஆனால் வழியில் தேவைப்படவில்லை. வழியிலுள்ள யூலியர் கணவாய் 2,284 மீட்டர் உயரம் என்றாலும் குளிர்காலத்திலும் திறந்து வைக்கிறார்கள். ஃப்ளூவேலா கணவாய் அப்படியில்லை, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு க்ளோஸ்டர்ஸிலிருந்து காரை ஏற்றிக்கொண்டு சுரங்கம் வழியாகப் போகும் வெரைனா கார் ரயில் உண்டு.

ஏற்றத்தில் எஞ்சின் எடை பின்னால் இருப்பதால் பிடிப்பு அருமை. இறக்கம்தான் வேறு கதை: முன்பக்கம் இலேசு என்பதால் வளைவுக்குள் பிரேக் பிடித்தால் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கிறது, அதனால் நேரான சாலையிலேயே வேகத்தை முழுக்கக் குறைத்து, கியரை மெதுவாக இறக்கி, அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்புவதுதான் சரி.

எதிர்பாராதது ஒன்று. கணவாய்க்கு அருகே டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பஞ்சர் இல்லை, 10 டிகிரி குளிர் கூடினால் டயர் அழுத்தம் சுமார் 0.1 பார் (bar, அழுத்த அலகு) குறையும், நான் காற்றடித்தது கதகதப்பான நிலவறை கராஜில். டயர் குளிர்ந்திருக்கும்போது வெளியிலேயே வைத்து அடியுங்கள்.