கறுப்பு எஞ்சினுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

மலைப்பாதை:
போன மாதம் ஸ்காட்லாந்து போனபோது ஃபோர்ட் வில்லியமிலிருந்து மாலெய்க் வரை ஓடும் நீராவி ரயிலில் குடும்பத்தோடு போய் வந்தோம். ஹாரி பாட்டர் சினிமாவில் வந்த கிளென்ஃபினன் பாலத்தை, அந்த 21 வளைவுப் பாலத்தை, மகளுக்குக் காட்டலாம் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு. வண்டி கிளம்பும் முன் எஞ்சின் பக்கம் போனால் எழுபது வயது தாண்டிய நாலைந்து பேர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஃபயர்மேன் குழாயால் நிலக்கரி மேல் தண்ணீர் பீய்ச்சித் தூசி அடக்கிக்கொண்டிருந்தார், அதைக்கூட கண் எடுக்காமல் பார்க்கிறார்கள். ஒருவர், நம் ஊரில் மாட்டின் கழுத்தைத் தடவுவது போல, சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டை மெல்லத் தடவினார். எஞ்சின் எண் 44871, முழுக்கக் கறுப்பு, பெயர்ப்பலகை கிடையாது. நீராவி எஞ்சின்களில் உலக வேகச் சாதனை படைத்த மல்லார்டை யார்க் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். "அது ராணி மாதிரி. இதுதான் எங்கள் எஞ்சின், மிக்ஸட் டிராஃபிக்" என்றார். அப்படி என்ன இருக்கிறது இதில்? மகளுக்கோ, சினிமாவில் வந்த சிவப்பு எஞ்சின் வரவில்லையே என்று ஒரே வருத்தம்.

கரித்தூள்:
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பக்கம் கிளைப் பாதைகளில் பயணிகள் பெட்டிகளோடு நாலு கூட்ஸ் பெட்டியும் கோத்துக்கொண்டு ஓடியதே, அது மிக்ஸட் வண்டி. இது வேறு. காலையில் எக்ஸ்பிரஸ், மத்தியானம் நிலக்கரி வண்டி, இரவு மீன் வண்டி என்று எதைக் கொடுத்தாலும் இழுக்கும்படி வடிவமைத்த எஞ்சினைத்தான் மிக்ஸட் டிராஃபிக் என்பார்கள்.

எல்லாம் சக்கர அளவில் இருக்கிறது. நீங்கள் பார்த்தது 'ப்ளாக் ஃபைவ்'. ஸ்டேனியர் என்ற பொறியாளர் வடிவமைத்தது, 1934 முதல் 1951 வரை 842 எஞ்சின்கள் கட்டினார்கள். அதே ஸ்டேனியர் சரக்குக்கென்றே '8எஃப்' என்று ஒன்று செய்தார். இரண்டிலும் சிலிண்டர் ஒரே அளவு, 18½ அங்குல விட்டம், 28 அங்குல பிஸ்டன் ஓட்டம். பாய்லர் அழுத்தமும் ஒன்றே, சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு. ஆனால் ப்ளாக் ஃபைவின் சக்கரம் 6 அடி, 8எஃப்பின் சக்கரம் 4 அடி 8½ அங்குலம். அந்த ஒரு வித்தியாசத்தில் இழுவிசை 25,455 பவுண்டிலிருந்து 32,400க்கு மேல் போய்விடுகிறது. சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் சின்னச் சக்கரமே போட்டுவிடலாமே என்றால், மணிக்கு 60 மைலில் 6 அடிச் சக்கரம் நிமிடத்துக்கு 280 சுற்று சுற்றினால் போதும், சின்னது 357 சுற்று சுற்ற வேண்டும், பிஸ்டனும் தண்டுகளும் அத்தனை தடவை போய்வந்து அடித்துக்கொள்ளும். மல்லார்டுக்கு 6 அடி 8 அங்குலம், அது ஓடப் பிறந்தது. நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் கைத்திறன், என்னைப் போன்றவர்களுக்கு அதில்தான் மயக்கம்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், சினிமாவில் அந்தப் பாலத்தின் மேல் ஓடும் சிவப்பு எஞ்சினும் மிக்ஸட் டிராஃபிக்தான்! கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஹால் வகை, எண் 5972, ஸ்விண்டனில் 1937இல் கட்டியது. ஸ்டேனியரும் அதே ஸ்விண்டனில் வேலை பார்த்துவிட்டு 1932இல் எல்எம்எஸ் கம்பெனிக்கு வந்தவர். ஆக, கறுப்பு எஞ்சின் அந்தச் சிவப்புக்குத் தம்பி முறை.

நெட்டைச் சிக்னல்:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 842 கட்டினால் பழக்கத்தில் பாசம் வரும், அவ்வளவுதான். நான் ப்ளாக் ஃபைவ் பின்னாலும் போயிருக்கிறேன், கோரனேஷன் வகைப் பெரிய எக்ஸ்பிரஸ் எஞ்சின் பின்னாலும் போயிருக்கிறேன். வட இங்கிலாந்தின் ஷாப் (Shap) மேட்டில் பெரிய எஞ்சின் வேகம் குறையாமல் ஏறும்போது கேட்கும் சத்தத்துக்கு ஈடே இல்லை.

பொன்மலைப் பையன்:
அண்ணா, பழக்கத்தில் வரும் பாசத்தைக் குறைவாக ஏன் நினைக்கிறீர்கள்? பெரிய எக்ஸ்பிரஸ் எஞ்சின் பெரிய வழித்தடத்தில்தான் ஓடும். ப்ளாக் ஃபைவ் இன்வர்னெஸ்ஸுக்கு வடக்கேயும் போனது, தெற்கே பாத் நகரிலிருந்து போர்ன்மத் வரைக்கும் ஓடியது. ஊருக்கு எந்த வண்டி வந்தாலும் முன்னால் அதுதான் நிற்கும் என்றால், அந்த ஊர்ப் பிள்ளைக்கு ரயில் என்றாலே அந்த முகம்தானே?

நான் திருச்சியில் வளர்ந்தவன். பொன்மலை ஷெட்டின் டபிள்யூடிஎம்-2 டீசல்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: டபிள்யூ அகலப்பாதை, டி டீசல், எம் என்றால் மிக்ஸட். நம் நாட்டு நீராவிக் காலத்தில் டபிள்யூபி பயணிகளுக்கு, டபிள்யூஜி சரக்குக்கு என்று தனித்தனியாகக் கட்டினார்கள். டீசல் வந்தபிறகு நாம் கொண்டாடியதும் எல்லா வேலையும் செய்த எஞ்சினைத்தான். அதன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு ஓடுகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

பழைய டைம்டேபிள்:
எண்ணைப் பார்த்தவுடன் திடுக்கிட்டேன், ஒருவரும் சொல்லவில்லையே. மலைப்பாதை சார், 44871 சும்மா ஒரு ப்ளாக் ஃபைவ் இல்லை. 1968 ஆகஸ்ட் 11, பிரிட்டிஷ் ரயில்வே தன் முக்கியப் பாதைகளில் கடைசியாக நீராவிப் பயணிகள் வண்டி விட்ட நாள். லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வழியாகக் கார்லைல் போய்த் திரும்பியது, டிக்கெட் பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கில் 15 கினி. அன்றைக்கு இழுத்தவை நான்கு எஞ்சின்கள்: 45110, 70013, 44781, 44871. இதில் மூன்று ப்ளாக் ஃபைவ். 70013 மட்டும் பிரிட்டானியா வகை, அதுவும் இரண்டு வேலைக்கும் வடிவமைத்ததே. வேகச் சாதனை எஞ்சின்கள் எல்லாம் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டன, கடைசி வரை உழைத்தவை இவைதான். கார்லைலிலிருந்து திரும்பும்போது 44781ஐயும் 44871ஐயும் வண்டிக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தார்கள். 44781ஐ அப்புறம் ஒரு படப்பிடிப்புக்காகத் தடம்புரள வைத்து, பிறகு உடைத்தே விட்டார்கள். அதன் ஜோடிதான் உங்களை மாலெய்க் வரை கூட்டிப்போனது. 842இல் 18 மிஞ்சின, அதில் இது ஒன்று. தண்டைத் தடவிய அந்தப் பெரியவருக்கு 1968இல் என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மலைப்பாதை:
அவரே எழுபத்தாறு என்று சொன்னார், அப்படியானால் அப்போது பதினெட்டோ இருபதோ இருக்கும். அந்த வண்டியைப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றாமல் போய்விட்டதே. போனில் இருக்கும் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன், எண் பலகைக்குப் பக்கத்தில் அவர் கை தெரிகிறது. மகளிடம் சிவப்பு எஞ்சினின் தம்பிக் கதையைச் சொன்னேன், எண்ணைத் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.