வண்டா, கூன்வண்டா? தோட்டத்திலும் காட்டிலும் கண்டு அறிந்தவை

சிவப்பில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பொறிவண்டு, பச்சையாய் மின்னினால் பொன்வண்டு என்று நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. ஒரே இனத்துக்குள்ளேயே நிறமும் புள்ளிக் கணக்கும் மாறும். உணர்கொம்பின் வடிவம், மூக்கு, பாதக் கணுக்கள் (காலின் நுனிப்பகுதியில் உள்ள சிறு துண்டுகள்), இறக்கை மூடும் விதம் ஆகியவை அப்படி மாறுவதில்லை.

முதலில் அது வண்டுதானா என்று பாருங்கள். கெட்டியான இரண்டு முன்னிறக்கைகளும் முதுகின் நடுவில் நேர்கோடாகச் சந்தித்தால் வண்டு. இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஏறி, முதுகில் பெரிய முக்கோணம் தெரிந்தால் நாவாய்ப்பூச்சி. அதைத் திருப்பிப் பார்த்தால் ஊசி போன்ற உறிஞ்சுகுழல் வயிற்றோடு மடிந்திருக்கும். இதில் ஏமாற்றும் கூட்டம் ஒன்று உண்டு. பச்சையும் நீலமுமாய் மின்னும் சில நாவாய்ப்பூச்சிகளில் முதுகு முழுவதையும் ஒரே ஓடு மூடியிருக்கும். பொன்வண்டு என்று பலர் படம் எடுப்பது இவற்றைத்தான். முதுகில் நடுக்கோடு இல்லையென்றால் அது வண்டு இல்லை.

* * *

மேலே சொன்னதோடு, கத்தரிச் செடியில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கலையும் சேர்த்துக்கொள்கிறேன். பொறிவண்டுகளில் பெரும்பாலானவை செடிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைத் தின்று செடியைக் காப்பவை. அதே குடும்பத்தில் பிறந்து இலையைத் தின்பவை எபிலாக்னா வண்டுகள். இறக்கைக்கு 14 வீதம் 28 புள்ளிகள் கொண்ட இனம் கத்தரி, உருளை, தக்காளிக் குடும்பச் செடிகளுக்கு வரும். புள்ளி எண்ணுவதைவிட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது எளிது. அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு பொதுவாக எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர் படர்ந்திருப்பதால் மங்கலாகத் தெரியும்.

புழுப் பருவத்தில் குழப்பத்துக்கே இடமில்லை. எபிலாக்னா புழு வெளிர் மஞ்சள், உடம்பெங்கும் கிளைத்த முட்கள், மெதுவான நகர்வு. அசுவினி தின்னும் புழு நீண்டு, சாம்பல் கலந்த கறுப்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, சுறுசுறுப்பாக ஓடும். முட்டைகளில்தான் தவறு நடக்கிறது. இரண்டுமே மஞ்சள், இரண்டுமே செங்குத்தாக நிற்கும் கூட்டங்கள். எனவே முட்டையைக் கண்டவுடன் நசுக்காமல் இலையைப் பாருங்கள். பச்சையம் சுரண்டப்பட்டு, மெல்லிய தோல் மட்டும் வரிவரியாக மிஞ்சியிருந்தால் எபிலாக்னா. சுரண்டல் இல்லாமல் பக்கத்தில் அசுவினிக் கூட்டம் இருந்தால் அந்த முட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

* * *

மாவுப்பூச்சிக்கும் இதே எச்சரிக்கை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு வெள்ளை மெழுகிழைகளால் மூடப்பட்டு, பார்வைக்கு மாவுப்பூச்சியாகவே இருக்கும். கூட்டத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, இழைகள் தாறுமாறாக நீண்டு, தொட்டவுடன் வேகமாக நகர்ந்தால் அதுதான் காவல்காரன். மருந்தடித்து முதலில் இழப்பது இதைத்தான்.

* * *

கூன்வண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இதுவும் வண்டுதான், தலை மூக்குபோல் முன்னே நீண்ட வகை. யானைத் துதிக்கைபோல் நீண்ட மூக்கைத் தேடுவதால் பலர் பாதி இனங்களைத் தவறவிடுகிறார்கள். இலைகளில் சாதாரணமாகக் காணும் சாம்பல் நிறக் கூன்வண்டின் மூக்கு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். மேலிருந்து பார்த்தால் மூக்கு இருப்பதே தெரியாது. பக்கவாட்டில் பாருங்கள். உணர்கொம்பு மூக்கின் மேலிருந்தே கிளம்பும். முதல் கணு நீளமாக இருக்கும், அதையடுத்து முழங்கைபோல் ஒரு மடிப்பு, நுனியில் சிறு குமிழ். இந்த மடிப்பும் மூக்கும் சேர்ந்திருந்தால் ஐயமே வேண்டாம். மூக்கின் நுனியில் இருப்பவை கடிக்கும் தாடைகள். நாவாய்ப்பூச்சியின் குழல்போல் அது உறிஞ்சாது.

இலை ஓரத்தில் அரைவட்டக் கடிகள் வரிசையாக இருந்து, இலைகளின்மேல் புழு எச்சம் எதுவும் கிடக்காவிட்டால் கூன்வண்டைச் சந்தேகியுங்கள். பல இனங்கள் இரவில்தான் மேயும். இருட்டியபின் விளக்கோடு போங்கள். கிளையைத் தொடும் முன்பே கீழே வெள்ளைத் துணியோ தட்டோ பிடியுங்கள், ஏனென்றால் அசைவு பட்டதும் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் விழுந்துவிடும். மண்ணில் விழுந்தால் கண்டுபிடிப்பது கடினம். துணியில் விழுந்ததைச் சில நிமிடம் அசைக்காமல் விட்டால் தானே கால் நீட்டி நடக்கும். நன்றாகப் பார்க்க அதுவே நேரம்.

பெரிய சேதம் பெரும்பாலும் இலையில் இல்லை, வேரில். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர்ப்பகுதியைக் கிளறிப் பாருங்கள். கிடைக்கும் புழுவுக்குக் கால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காலே இல்லாமல், வளைந்த வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையும் இருந்தால் கூன்வண்டுப் புழு. வளைந்திருந்து ஆறு கால்கள் தெளிவாகத் தெரிந்தால் காண்டாமிருக வண்டு, சாணவண்டு குடும்பத்தைச் சேர்ந்த வேர்ப்புழு. நேராக, கெட்டியாக, மஞ்சள் பழுப்பில் கம்பித் துண்டுபோல் இருந்தால் சொடுக்கு வண்டின் புழு.

* * *

மட்கும் உரக்குழியில் கிடைக்கும் பருத்த புழுக்களைப் பலர் ஒன்றுவிடாமல் பொறுக்கி அழிக்கிறார்கள். அழிக்கும் முன் தட்டையான பலகையில் விட்டு அது நகரும் விதத்தைப் பாருங்கள். கால்களை மேலே தூக்கிக்கொண்டு முதுகால் ஊர்ந்து போனால் அது மலர் வண்டுப் புழு. மட்கியதைத் தின்று உரமாக்கும், உயிருள்ள வேரை நாடாது. திருப்பி உரக்குழியிலேயே போடலாம். பக்கவாட்டில் சுருண்டே கிடந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அருகில் தென்னையோ வேறு பனைக் குடும்ப மரமோ இருந்தால் அந்தப் புழுக்களை அகற்ற வேண்டும்.

தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் கலந்து பேசுவதும் உண்டு. காண்டாமிருக வண்டு கருத்து, தலையில் ஒற்றைக் கொம்போடு, 3 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும். வளர்ந்த வண்டுதான் குருத்தைத் துளைக்கும். விரிந்தபின் மட்டை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாக இருக்கும். சிவப்புக் கூன்வண்டில் மரத்தைக் கொல்வது உள்ளே வளரும் கால் இல்லாத புழு. துளையில் பழுப்புச் சாறும் மென்ற நாரும் வடிவது அதன் அடையாளம். முதல் வண்டு போட்ட காயம் இரண்டாவதற்கு வாசலாகிவிடும், அதனால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். சிவப்புக் கூன்வண்டின் மூக்கு மேல் மயிர்க்கற்றை இருந்தால் ஆண்.

* * *

காட்டில் வண்டு கண்ணில் படாவிட்டாலும் மரம் சொல்லிவிடும். நான் முதலில் பார்ப்பது துளையின் வடிவத்தை. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் பாதி நிலாபோல் இருந்தால் பொன்வண்டுக் குடும்பம் வெளியேறிய வழி. பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்து, அடியில் நார் நாராகத் தூள் கிடந்தால் நீள்கொம்பு வண்டு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள் பட்டையெங்கும் பொரிந்து, பட்டையை உரித்தால் கிளைகிளையாகச் சுரங்கங்கள் தெரிந்தால் பட்டை வண்டு. இந்தப் பட்டை வண்டும் கூன்வண்டுக் குடும்பத்தின் ஒரு கிளைதான் என்பதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள், ஏனென்றால் அதற்கு நீண்ட மூக்கு கிடையாது. ஊசித்துளையின் சுவர் கறுத்துக் கிடந்தால் மரத்துக்குள் பூஞ்சையை வளர்த்து உண்ணும் வண்டின் வேலை.

வண்டே கையில் கிடைத்தால்: நீள்கொம்பு வண்டின் கண், உணர்கொம்பின் அடியைச் சுற்றிப் பிறைபோல் வளைந்திருக்கும். கொம்பு பல இனங்களில் உடம்பைவிட நீளம். பொன்வண்டும் சொடுக்கு வண்டும் ஒரே படகு வடிவம், அதனால் மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். 'டக்'கென்று சத்தத்தோடு துள்ளித் திரும்பினால் சொடுக்கு வண்டு. அதன் மார்புத் தகட்டின் பின்மூலைகள் முள்போல் பின்னோக்கி நீண்டிருக்கும்.

* * *

கல்லைப் புரட்டினால் ஓடும் கறுப்பு வண்டுகளில் இரண்டு வகை கலந்து வரும். தாடையை முன்னே நீட்டிக்கொண்டு, நூல்போன்ற கொம்போடு விரைந்து ஓடுவது தரைவண்டு. புழுக்களையும் நத்தைகளையும் வேட்டையாடுவது. மெதுவாக நடந்து, கொம்பு மணிகோத்ததுபோல் இருப்பது இருள்வண்டு. இன்னும் ஐயம் இருந்தால் உருப்பெருக்கியில் பாதக் கணுக்களை எண்ணுங்கள். தரைவண்டுக்கு எல்லாக் கால்களிலும் ஐந்து, இருள்வண்டுக்குப் பின்காலில் நான்குதான். புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள், அடியில் இருப்பவற்றுக்கு அந்த ஈரம்தான் வாழ்வு.

* * *

கையில் பிடிப்பது பற்றிப் பேச்சு வந்ததால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுமார் ஒரு செ.மீ. நீளத்தில், ஆரஞ்சும் கறுப்பும் பட்டையாக மாறிமாறி, குட்டையான நீலக்கறுப்பு இறக்கைக்குப் பின்னால் வயிறு வெளியே நீண்டிருக்கும் பூச்சி பெடரஸ் வண்டு. எறும்பு என்று நினைத்துத் தோலில் வைத்தே நசுக்கிவிடுவார்கள். அதன் உடல்நீர் பட்ட இடம் உடனே எரியாது, ஒரு நாள் போலக் கழித்துத்தான் சிவந்து கொப்புளிக்கும். தோலில் ஏறினால் ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். கறுப்பில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டைகளோடு பூவிதழ்களைத் தின்னும், கழுத்து ஒடுங்கிய கொப்புள வண்டையும் கையுறையில்லாமல் எடுக்க வேண்டாம்.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்புபவர்கள் முதுகு, பக்கவாட்டு, முகம், வயிறு என நான்கு கோணம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். எந்தச் செடியில், இலையிலா பட்டையிலா வேரிலா என்பதையும் எழுதுங்கள். நிற்காமல் ஓடும் வண்டை மூடிய டப்பியில் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும், உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். படம் எடுத்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.