மின்சாரம் ஓடும் நூலும் எங்கள் கடலும்

கீழக்கரை வேதியியல் ஆசிரியர்

நூலுக்குப் பாலிமர் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருள்) பூசி மின்சாரம் கடத்தச் செய்தவர்கள் அனுபவத்தை எழுதலாம் என்றீர்கள். நானும் மாணவர்களும் எடுத்துக்கொண்டது, இங்கே எந்த வலைக் கடையிலும் கிடைக்கும் நைலான் முறுக்கு நூல். தங்கூசி என்னும் ஒற்றை இழை நைலான் நரம்பு வேண்டாம், அதன் வழவழப்பில் பூச்சு நிற்பதில்லை, நகம் பட்டாலே உரிந்துவிடுகிறது. முறுக்கு நூலையும் சோப்பு நீரில் அலசி எண்ணெய்ப் பசையைப் போக்கிய பிறகே கரைசலில் விட வேண்டும்.

கலவையில், பாலிமராக மாறும் அனிலின் ஹைட்ரோகுளோரைடு 0.2 மோலார் (லிட்டருக்கு 0.2 மோல்), அதை மாற்றும் அம்மோனியம் பெர்சல்பேட் 0.25 மோலார். சற்று நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு நீலம் படரும், கண்ணாடிக் குவளை கைக்குச் சூடாகும், கடைசியில் நூலும் நீரும் கரும்பச்சையாகிவிடும். அந்தப் பச்சைதான் பாலிஅனிலின் என்னும் மின்கடத்தும் பாலிமர். பாலிமரும் மின்சாரம் கடத்தும் என்று 1977-இல் காட்டி, 2000-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஹீகர், மக்டையர்மிட், ஷிரகாவா பற்றி வகுப்பில் சொன்னபோது வெறுமனே தலையாட்டிய பிள்ளைகள், அன்று கேள்விகளால் என்னைத் துளைத்தெடுத்தார்கள். அனிலின் நஞ்சு, கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

உலர்ந்த நூல் மின்சாரம் கடத்துவதை மல்டிமீட்டர் காட்டியது. அதைக் கடல் நீரில் ஊறவைத்தோம். பச்சை போய் நீலம் வந்தது. மின்தடை மீட்டரின் அளவையும் தாண்டிவிட்டது. பாலிஅனிலின் மின்சாரம் கடத்துவது அமிலம் தந்த புரோட்டான்களின் தயவால். கடல் நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் காரம்) 8.1 அளவில் இருப்பதால், அந்தக் காரத்தன்மை புரோட்டான்களைப் பறித்துவிடுகிறது. அளப்பதற்கு முன் காய்ச்சி வடித்த நீரில் அலசுவது முக்கியம். நூலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே மின்சாரம் கடத்தி நம்மை ஏமாற்றும். கடலில் நனையும் பொருளுக்கு, மின்சாரம் கடத்தும் இன்னொரு பாலிமரான பாலிபிர்ரோல்தான் என் தேர்வு. அதுவும் நாளடைவில் வலுவிழக்கும், ஆனால் இப்படிச் சட்டென்று கைவிடாது.

எமனேஸ்வரம் நெசவாளர்

வணக்கம் ஐயா. ஆய்வு மாணவர் ஒருவர் பாலிபிர்ரோல் பூசிய பருத்தி நூலைக் கொடுத்து நெய்து தரச் சொன்னார். நல்ல கறுப்பு. பாவில் (தறியின் நீள இழைகளில்) இரண்டு இழை சேர்த்துப் பார்த்தோம்; தறியில் இழைகள் நுழைந்து செல்லும் விழுதும் அச்சும் உரசி உரசி, தறிக்குக் கீழே கரித்தூள் போல உதிர்ந்தது. நாடாவுக்குள் வைக்கும் தாரில் சுற்றி ஊடையாக (குறுக்கு இழையாக) விட்டபோது தாங்கியது. ஆனால் சாதாரண நூலைவிட இழை நைந்திருந்தது, அடிக்கடி அறுந்தது. பூசுவதற்குப் பயன்படும் ஃபெர்ரிக் குளோரைடு அமிலத்தன்மை உடையதாம். அது தங்கினால் பருத்தி தாங்காது. பூச்சு முடிந்ததும் நன்றாக அலசித் தரச் சொல்லுங்கள். கஞ்சி போட்ட நூலைக் கொடுக்கவே வேண்டாம்.

பாம்பன் மாணவி

ஐயா, பச்சை நூல் நீலமாவதுதான் எனக்குக் கைகொடுத்தது. கெட்டுப்போகும் மீனிலிருந்து வரும் அமோனியா, அமீன் ஆவிகளும் காரத்தன்மை உடையவைதானே. சூடை மீன் வைத்த டப்பாவுக்குள், மீனின் மேல் படாமல், ஒரு துண்டு பாலிஅனிலின் நூலைத் தொங்கவிட்டு மூடினேன். மீன் நாற்றமெடுத்தபோது நூலில் நீலம் ஏறியிருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்ததும் மீண்டும் பச்சை. ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க ஆசை; உருகும் நீர் நூலில் சொட்டாமலும் ஆவி மட்டும் நுழையும்படியும் எதைக் கொண்டு மூடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.