புதுப்பிப்பு: சென்னை–கன்னியாகுமரி பைக் பயணம், விரல் மரப்பு தீர்ந்தது

போன மாசம் கேட்டது இதுதான்: 350 சிசி வண்டியில் ஒரே நாளில் சுமார் 700 கி.மீ. போகணும். விழுப்புரம் தாண்டினாலே விரல் மரத்துப்போகுது, இடுப்பு பிடிக்குது. விண்ட்ஷீல்டு (முன்னால் காத்தைத் தடுக்கிற தகடு), ஜெல் சீட் மாட்டலாமா, இல்லை வண்டி வந்தபடியே ஓட்டலாமா?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "காத்து மூஞ்சில அடிக்கக் கூடாதுன்னா பஸ்ல போங்க தம்பி" என்ற அண்ணனுக்கும்தான்.

ரெண்டையும் மாட்டிக்கிட்டு ஆடி முதல் வாரம் போய் வந்தாச்சு. உண்மையில் கைகொடுத்தது இயர்பிளக் யோசனை. மெடிக்கலில் வாங்கிய சாதா நுரை அடைப்பான்தான். காற்றிரைச்சல் குறைந்ததும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் தானாக விட்டுப்போச்சு. மதுரை வரைக்கும் விரல் மரக்கவே இல்லை. ஹாரன் கேட்கத்தான் செய்யுது. இடுப்புக்கு 80 கி.மீ.க்கு ஒரு டீ. அவ்வளவுதான். ஜெல் சீட் தண்டச் செலவு. மேலூரில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தோசைக்கல். ஈரத் துண்டு போட்டுத்தான் ஓட்டினேன்.

எதிர்பாராதது விண்ட்ஷீல்டு. திருநெல்வேலி வரை சொர்க்கம். பணகுடி தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வலப்பக்கமாக அடிச்சது பாருங்க, ஷீல்டு பாய்மரம் மாதிரி வாங்கி வண்டியை ரோட்டோரத்துக்குத் தள்ளுது. காற்றாலை எல்லாம் சும்மாவா அங்கே நிக்குது? காவல்கிணறு டீக்கடையில் நாலு போல்ட்டையும் கழற்றி, ஷீல்டைப் பின்னால் கட்டிக்கிட்டேன். மீதி 20 சொச்சம் கி.மீ. கண்ணில் தண்ணீரோடு போனேன். அந்த அண்ணன் சொன்ன காத்து அதுதான் போல.