வியாசர்பாடி அம்மாக்களுக்காக ஒரு உதவி

வணக்கம் தோழிகளே. எங்க தெரு அம்மாக்கள் 15 பேர் ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில கூடுறோம். குழந்தைங்க சாப்பாடு பத்திப் பேச ஆரம்பிச்சா, "ஒல்லியா இருக்கிறது எங்க வம்சம்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. காலையில டீயில தொட்ட பிஸ்கட், மத்தியானம் ரசம் சாதம், நடுவுல அஞ்சு ரூபா சிப்ஸ். அங்கன்வாடி சத்துமாவு வீட்டுக்கே கொழுக்கட்டை ஆயிடுது. (எங்க வீட்டுலயும்தான், ஒத்துக்கறேன்.)

6 மாசத்துலேருந்து 5 வயசு வரை குழந்தையோட மேல்கை நடுவுல (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல) சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தா தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு, 12.5க்குக் கீழேன்னாலும் கவனிக்கணும். ரெண்டு பாதமும் வீங்கி, அழுத்தினா குழி விழுந்தா உடனே ஆஸ்பத்திரி. அந்த வீக்கத்தைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்கான்"னு சந்தோஷப்பட்டவங்களும் உண்டு, அதான் பயமா இருக்கு.

சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட அந்த அளவு டேப் நாலஞ்சு எங்க கிடைக்கும்? ஒரு மணி நேரம் வந்து, திட்டாம பேசக்கூடிய நர்ஸ் அக்காவோ டயட்டீஷியனோ யாருக்காவது தெரியுமா? ஆட்டோ காசு நாங்க குடுத்துடறோம். முருங்கைக்கீரை, முட்டை, வேர்க்கடலைன்னு கையில இருக்கிறதை வச்சே சொல்லிக் குடுத்தா போதும். இன்பாக்ஸ்ல சொல்லுங்கப்பா.